கரைவுக் கணக்கு

ஐஸ் வியாபாரத்தில் கரைவுக்கென்று ஒரு கணக்கு உண்டு.
எண்ணூர் ரோட்டு ஃபேக்டரியில் ஐம்பது கிலோ பாரை ஏற்றினால்
காசிமேட்டில் இறக்கும்போது நாற்பத்தாறு.
அந்த நாலு கிலோவுக்காக
யாரும் யார் சட்டையையும் பிடித்ததில்லை.
கோணி நனையும், ரோடு நனையும்,
அவ்வளவுதான்.

ஒப்பந்தத்தில் அதை எழுத மறந்துவிட்டோம்.

தம்புச்செட்டி தெரு, மூன்றாவது மாடி, வக்கீல் அறை.
கடன் கொடுத்தவர்கள் ஏழு பேர், நாற்காலி ஐந்து.
ரூபாய்க்கு அறுபது காசு, முப்பது மாதம் என்று
உத்தம்சந்த் சேட் முதலில் கையெழுத்துப் போட்டார்.
வலைக்கடை பாண்டுரங்கன் பேனாவை உதறி உதறிப் போட்டார்.
தேவானை கைநாட்டு வைத்து
விரலை என் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.
எல்லோருக்கும் டீ சொன்னது சவுரிமுத்து, என் வீட்டுக்காரர்.
சில்லறையைக்கூட வாங்கவில்லை அன்றைக்கு.

ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தோரு நாள்
படகு போகாது, ஐஸ் போகாது.
அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்,
கடலில் கால் நனைக்காத சேட்டுக்கும் தெரியும்.
நான் வாயெடுத்தேன்.
இவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

பத்துத் தவணை ஒழுங்காகப் போனது.
பதினொன்றாவது, பாதி.
பன்னிரண்டாவது மாதம் ஃபைனான்ஸ் ஆட்கள் ராத்திரியில் வந்து
குட்டியானையை எடுத்துப் போனார்கள்.
ஓட்ட வந்த பையனுக்கு ரிவர்ஸ் கியர் விழவில்லை.
இவர்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்
விழவைத்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒருவர் விலகினாலும் எல்லாம் செல்லாது என்று
ஒன்பதாம் பக்கத்தில் இருந்ததாம்.
சேட் விலகினார்.

இனி மஞ்சக் கடுதாசிதான் என்றார் வக்கீல்.
நீட்டியது வெள்ளைத் தாள்.
மஞ்சளா இல்லையே சார் என்றார் இவர்.
நான் மட்டும் சிரித்தேன், அப்புறம் நிறுத்த முடியவில்லை.

தொழில் கருவி, உடுதுணி, படுக்கை, சமையல் பாத்திரம்
இவற்றை உங்களுக்கே விட்டுவிடும் சட்டம்;
எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாய்க்கு மேல் போகக்கூடாது.
எந்த வருஷத்து முந்நூறு சார்?
வெள்ளைக்காரன் எழுதினது என்றார்,
அதை யாரும் அப்படியே பார்க்கமாட்டார்கள் என்றும் சொன்னார்.
ஆனால் நான் பார்த்தேன்.
ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு
ஐஸ் கொக்கி எழுபது,
மூடி நெளிந்த இட்லிப்பானை எண்பது என்று கூட்டிக்கொண்டு வந்தேன்.
பையனின் பள்ளிக்கூட ஷூவை வைத்ததும்
முந்நூறு தாண்டிவிட்டது.

பெயர்களை எழுதச் சொன்னபோது ஆறோடு நிறுத்தினேன்.
தேவானைக்கு இருபத்திரண்டாயிரம்,
மகள் காதிலிருந்து கழற்றி அடகு வைத்துக் கொடுத்தது.
இவளை மட்டும் விட்டுடலாம் சார், மெதுவா குடுத்துடறேன்.
அது குற்றம் என்றார் வக்கீல்.
எல்லோரையும் ஒரே அளவில் ஏமாற்றினால்தான்
அது சட்டம் போலிருக்கிறது.
எழுதினேன்.

தபால் போய்ச் சேருமுன் நான் போய்ச் சேர்ந்தேன்.
புதுமனைக்குப்பத்தில் காரப்பொடி கூறு கட்டிக்கொண்டிருந்தாள்.
கோர்ட்டிலிருந்து கடுதாசி வரும்க்கா என்றேன்,
வந்தா பயப்படாதே என்றேன்,
பணத்தைப் பற்றி என்னவோ சொன்னேன்.
அவள் ஈயை விரட்டினாள்.
"எம் பேர எப்டி எழுதின?"
தேவானைன்னுதான்.
"ரேஷன் கார்டுல தெய்வயானை.
அல்லாரும் தேவானைன்னு எழுதி எழுதித்தான்
புயல் பணங்கூட எனக்கு வந்து சேர்ல.
போய்த் திருத்தச் சொல்லு."
கிராக்கி நிக்குது, தள்ளு என்றாள்.

திரும்பவும் மூன்று மாடி.
குமாஸ்தா ஐம்பது ரூபாய் கேட்டான்.
இட்லிப்பானையை மனசுக்குள் கழித்துவிட்டுக் கொடுத்தேன்.
பழைய பெயரை ஒரு கோட்டில் அடித்து
மேலே இடுக்கில் நுணுக்கி எழுதினான்.
படித்துக் காட்டச் சொன்னேன்.
படித்தான்.
இன்னொரு தடவை என்றேன்.