மூன்றாம் சரணத்துக்கு முன்

மூச்சுச் சத்தத்தை வெட்டி எறிவதுதான் என் தொழில்.
நியூவார்க்கில் ஒரு சலவைக்கடை,
அதன் முதுகில் ஒட்டிய அறை,
சுவரெல்லாம் முட்டை அட்டை,
எட்டுத் தடம் பதியும் பழைய இயந்திரம்.
மணிக்குப் பதினைந்து டாலர்.
யார் வந்தாலும் முதலில் சொல்லிவிடுவேன்:
முன்கடையில் துணி பிழியும்போது
நாம் வாய் மூடிக் காத்திருக்க வேண்டும்.

ஆர்வெல் டிப்டன் வந்தது
தொண்ணூற்று நான்கு, பிப்ரவரி.
காலணியில் பனிச் சேறு.
மின்கட்டண உறையின் பின்புறம் நாற்பத்தெட்டு வரி.
சட்டைப்பையில் மஞ்சள் இன்ஹேலர்.

நான்கு வரிக்கு ஒருமுறை இழுப்பான்.
துருப்பிடித்த கேட்டை யாரோ பாதி திறந்து
மனம் மாறி நின்றதுபோல் ஒரு இழுப்பு.
இரவெல்லாம் உட்கார்ந்து
ஒன்று விடாமல் வெட்டினேன்.
மறுநாள் போட்டுக் காட்டினேன்.
கேட்டான். தலையைச் சொறிந்தான்.
"நல்லா இருக்கு விலெட்டா. யார் இவன்?"

திரும்ப வைத்தேன்.

அரைமூச்சு என்று பெயர் வைத்தது தெரு.
முடிதிருத்தும் கடையில், கார் டிக்கியில்,
கவுண்டிச் சிறையின் கம்பிக்கு அந்தப் பக்கம்
அவனை மனப்பாடமாகச் சொன்னார்கள்.
பெரிய சங்கதி ஒன்றும் இல்லை.
வாடகை ரசீது,
அண்ணனுக்குக் கட்டாத ஜாமீன்,
பதின்மூன்றாம் எண் பேருந்து வராத ஒரு காலை.
ஆனால் சொல்லைச் சொல்லால் இடித்து
இடிபட்ட இடத்திலேயே அடுத்ததை ஏற்றுவான்,
இறங்க விடமாட்டான்.

தொண்ணூற்றேழு ஆகஸ்ட்.
ஹாலோவே டவர்ஸில் பத்தொன்பது நாளாக லிஃப்ட் ஓடவில்லை.
பதினொன்றாம் மாடியில் அம்மா.
அவளுக்கென்று வாங்கிய ஏசி பெட்டியைத்
தோளில் வைத்துக்கொண்டு ஏறினான்.
எட்டாம் மாடி தாண்டிய திருப்பத்தில்
பெட்டியை இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தான்.
ஆம்புலன்ஸ்காரர்களும்
படியேறித்தான் வர வேண்டியிருந்தது.

குண்டடி பட்டான் என்றது ஊர்.
சுவரில் அவனை வரைந்தவர்கள்
நெஞ்சில் இரண்டு ஓட்டை வரைந்தார்கள்.
பாட்டுக் கம்பெனி மறுக்கவில்லை.
குண்டு விற்கும், லிஃப்டை யார் வாங்குவார்?
வீட்டு வசதி அலுவலகம்
மூச்சு விடவில்லை.

அம்மா மட்டும், மிஸ் லூவெனியா,
சாக்கட்டி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.
முதல் படியில் ஒன்று என்று எழுதினாள்.
அடுத்ததில் இரண்டு.
நூற்று இருபதில் நிறுத்தினாள்.
மழை படாத இடம்; வருஷக்கணக்கில் அழியவில்லை.
அந்தக் கட்டடத்துப் பிள்ளைகள்
எண்ணக் கற்றது அதில்தான்.
நூற்று இருபத்தொன்று வராது அவர்களுக்கு.

பிறகு வெடி வைத்துக் கட்டடத்தையே சாய்த்தார்கள்.

இப்போது கடிதம் வருகிறது.
ஒசாகாவிலிருந்து ஒருவன்:
மூன்றாம் சரணத்துக்கு முன் வரும்
அந்த ஒன்றரை வினாடி மட்டும் வேண்டுமாம்.
லிஸ்பனுக்கு வெளியே ஒரு பெண்
அதை வெட்டி, மடித்து, தாளமாக்கிவிட்டாள்.
நைரோபியில் நல்ல நுரையீரல் உள்ள பையன்கள்
கண்ணாடி முன் நின்று
அவனைப்போல் திணறிப் பழகுகிறார்கள்.
எனக்குக் கோபம் வரும். சில நாள் வராது.
கம்பெனி வக்கீல் விலைப்பட்டியல் அனுப்புகிறார்:
மூச்சு ஒன்றுக்கு இவ்வளவு.
அவன் இழுத்தபோது
காற்று இலவசமாகத்தான் இருந்தது,
போதவில்லை, அவ்வளவுதான்.

ஒன்று யாருக்கும் சொன்னதில்லை.
அந்தப் பதிவின்போது நான் காத்திருக்கவில்லை.
பொறுமை இல்லை அன்று.
ஹெட்ஃபோனை அழுத்திப் பிடித்துக் கேளுங்கள்:
அவன் இழுப்புக்கு அடியில்
மூன்றாம் எண் மெஷின் சுற்றுகிறது.
மிஸஸ் ப்ரூசார்டின் இரண்டு போர்வைகள்.
உலகமெல்லாம்
இன்னும் பிழிந்து முடியவில்லை.