இடதுகரை

முத்தையன்கட்டு இடதுகரை,
பதினோராம் வாய்க்காலுக்கு அப்பால் ஒரு வீடு.
பூசாத சுவர். அறைக்குக் கதவாய் ஒரு பழைய சாறி.
புதன்கிழமைகளில் என் ஸ்கூட்டியின் சத்தத்துக்கு
முதலில் நாய் வரும்,
பிறகு மிதுசாளினி வருவாள்
வலக்கால் நடக்க
இடக்கால் மணலில் ஒரு கோடு கீறியபடி.

அந்தக் கோட்டைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.
அது அறுந்த இடங்களில்
கால் நிலத்தை விட்டு எழும்பியிருக்கிறது.
இன்று மூன்று இடம்.

ஏழு வயது.
இடது கை மட்டும் இன்னும் பிறக்காதது போல
மூடிக்கிடக்கும்.
பெருவிரல் உள்ளே, நாலு விரல் மேலே.
நகம் வெட்டி முடிக்க
யோகமலருக்கு அரை மணித்தியாலம்.

கொழும்பில் படித்த முறை ஒன்று உண்டு:
நல்ல கையைக் கட்டிவிடு,
மற்றக் கை வேலை பழகும்.
நாளுக்கு இரண்டு மணித்தியாலம், மூன்று கிழமை.
ஆய்வுகள் உண்டு, வரைபடங்கள் உண்டு.
பூப்போட்ட சீத்தையில் நானே ஓர் உறை தைத்தேன்.
முயல் காதுகூட வைத்திருந்தேன்.

நாடாவை முடிச்சுப் போடும்போது
வாசலில் நின்ற தகப்பன்
மண்வெட்டியைக் கீழே வைத்தார்.
"கையைக் கட்டுறது வேண்டாம் மிஸ்."
குரல் உயரவில்லை.
"இந்த வீட்டில வேண்டாம்."

அவருடைய மணிக்கட்டுகளைப்
பார்க்காமலிருக்கப்
பார்த்துக்கொண்டேன்.

யோகமலர் தேத்தண்ணி கொண்டுவந்தா. சீனி கூட.
நாய் முயல் காதை முகர்ந்துவிட்டுப் போனது.

படிவத்தில் ஒரு கட்டம், பெற்றோரின் ஒத்துழைப்பு:
நல்லது, நடுத்தரம், குறைவு.
நிரப்பாமல் திரும்பினேன்.
ஒட்டுசுட்டான் வீதியில் யானை நின்றது.
பஸ்ஸுக்குப் பின்னால் நாற்பது நிமிடம்.
நான் யோசித்தது யானையை அல்ல.

அடுத்த மூன்று புதனும்
பந்து, களிமண், உடுப்புக் கொழுவும் கிளிப்.
வலக்கை பாய்ந்து வந்து எல்லாவற்றையும் செய்துவிடும்,
கெட்டிக்கார மூத்த பிள்ளை போல.
குனிந்து குனிந்து என் நாரிதான் நொந்தது.

நாலாவது புதன், கோழி பொரித்திருந்தது.
ஒன்பது குஞ்சு.
ஒன்றைப் பிடித்து அவள் வலக்கையில் வைத்தேன்.
"விட்டிடாத. பிராந்து தூக்கிக்கொண்டு போயிடும்."

நாடா இல்லை. முடிச்சு இல்லை.
அந்தக் கை அசையவே மறந்தது.

"அப்ப மற்றதுகளுக்கு ஆர் சாப்பாடு போடுறது?"
குறுணல் சுளகை அவளின் இடப்பக்கம் தள்ளினேன்.

வலக்கையைப் பார்த்தாள்.
உள்ளங்கைக்குள் ஒரு நெஞ்சு
சின்னதாய், மிக வேகமாய் அடித்துக்கொண்டிருந்தது.
என்னைப் பார்த்தாள்.
பிறகுதான் இடது தோளில் தொடங்கியது.
முழங்கை இழுத்து, மணிக்கட்டு முறுகி,
வாய் கோணி, நாக்கு நுனி வெளியே வந்து.
வழமையாக நான் "மெதுவா, மெதுவா" என்பேன்.
சொல்லவில்லை.

கை சுளகில் விழுந்தது, மூடியபடி.
எழும்பியது, மூடியபடி.
இன்னொரு தரம்.
இன்னொரு தரம்.
பெருவிரல் வெளியே வந்ததை நான் காணவில்லை.
யோகமலர் மூச்சை இழுத்த சத்தத்தில்தான் தெரிந்தது.

பத்துப் பதினைந்து குறுணல் இருக்கும்.
பாதி அவள் மடியில்.
குஞ்சுகள் மடியிலேறிக் கொத்தின.

"அவர் வாய்க்காலடியிலையோ?"
"ஓம் மிஸ். தண்ணி வருமெண்டு விடியவே போனவர்."
"வந்திட்டுதோ?"
"வலதுகரைக்குத் திறந்தாச்சாம்.
எங்கட பக்கம் பின்னேரமாகும்."

உபகரணம் என்ற கட்டத்தில்
கோழிக்குஞ்சு, ஒன்று, என்று எழுதினேன்.
விளக்கம் கேட்டு அலுவலகம் திருப்பி அனுப்பும்.
ஒரு மாதத்தில் அது வளர்ந்துவிடும்,
கையில் நிற்காது.
அதற்குப் பிறகு என்ன என்று
எனக்கு இன்னும் தெரியாது.

ஆடு சினையாம்.
ஸ்கூட்டியைத் திருப்பும்போது
யோகமலர் சொன்னா.