கடைசித் தலை

"பைப் அதே பைப், பம்ப் அதே பம்ப்,
பதினோரு தலையைத்தானே நகர்த்தினோம்"
என்கிறார் கேவல்ராமாணி.
அஜ்மான், ஜுர்ஃப், ஜூலை, பகல் பன்னிரண்டே கால்.
இன்னும் கால் மணியில் வெயில் வேலை நிறுத்தவேண்டும்.
அதற்குள் என் கையெழுத்து வேண்டும் அவருக்கு.

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.
ஆபீஸ் அறையில் விளக்குக்கு இடைஞ்சல் என்று
ஒரு ஸ்பிரிங்க்ளரை ஒரு சீலிங் கட்டம் தள்ளி வைத்தால்
நான் கணக்குக் கேட்பதில்லை.
கேட்டால் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஆனால் இந்தக் கோடவுனில்
போன வருஷம் வரை டைல்ஸ் இருந்தது.
தீக்குச்சியைக் கிழித்து மேலே போட்டாலும்
டைல்ஸ் கண்டுகொள்ளாது.
இப்போது மெத்தை. பஞ்சு இல்லை, ஃபோம்.
ஆறு மீட்டர் உயரத்துக்கு
பிளாஸ்டிக் உறைக்குள் மூச்சடக்கி நிற்கும் பெட்ரோல்.

பழைய கணக்கை விரித்துக் காட்டுகிறார்.
நல்ல கணக்கு. போட்டவரை எனக்குத் தெரியாது.
ஓரத்தில் பென்சிலால் கூட்டிச் சரிபார்த்திருக்கிறார்.
எரியாத சரக்குக்கு எழுதிய தண்ணீர் அது.

ஓட்டம் இரட்டித்தால் உராய்வு இரட்டிப்பதில்லை சார்,
மூன்றரை மடங்கைத் தாண்டிவிடும்.
வால்வுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு
ஒரு குறையும் தெரியாது.
அதனால்தான் நாங்கள் கடைசித் தலையிலிருந்து தொடங்குவோம்,
ஒருவரும் போய்ப் பார்க்காத மூலையிலிருந்து
பம்ப்பை நோக்கிப் பின்னாலேயே நடப்போம்.

மெத்தைக் கட்டின் மேல் லேப்டாப்பை வைத்து ஓட்டினேன்.
கடைசித் தலையில் அழுத்தம் பூச்சியம் புள்ளி மூன்று ஆறு.
வர்க்கமூலம் பூச்சியம் புள்ளி ஆறு.
எண்பதால் பெருக்கினால்
நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு லிட்டர்.
வேண்டியது நூற்றைம்பதுக்கு மேல்.

"தண்ணீர் வருமில்லையா?"
வரும் சார்.
கால் கழுவ வரும்.

அப்போதுதான் ஏணி மேலிருந்து ராம்சூரத் கூப்பிட்டான்,
இங்கே ஒரு தட்டு இருக்கிறது என்று.
கடைசி அடுக்குக்குப் பின்னால்
யாரோ ஒட்டுப்பலகையில் அடித்த பரண்.
அதன் அடியில் உறை கிழிந்த சாம்பிள் மெத்தை,
கெட்டில், சார்ஜரில் ஒரு போன், மடித்த தொழுகைப் பாய்.
எழுந்து உட்கார்ந்தார் இரவுக் காவலாளி மொஃபிஸுல்.
தட்டுக்குக் கீழே ஸ்பிரிங்க்ளர் இல்லை.
வரைபடத்தில் தட்டு இல்லை.
அவரும் இல்லை.

கேவல்ராமாணி மெத்தைகளை எண்ணுவதுபோல் நின்றார்.
கூலர் காற்று இங்கேதான் நன்றாக வரும் என்று
யாரும் கேட்காமலே சொன்னார் மொஃபிஸுல்.
நுஐமியாவில் ஒரு பெட் ஸ்பேஸ்
ஐந்நூறு திர்ஹாம் என்றும் சொன்னார்,
என்னிடம், இந்தியில், மெதுவாக.

எழுதினேன்:
சரக்கு மாறியுள்ளது. அடுக்கும் உயரம் மாறியுள்ளது.
தட்டு ஒன்று கூடியுள்ளது. பழைய கணக்கு செல்லாது.
பம்ப் போதாது.
"தட்டின் கீழே ஆள் உறங்குகிறார்" என்ற வரியை
இரண்டு முறை அழித்தேன்.
மூன்றாம் முறை அழிக்கவில்லை.
அனுப்பும்போது மணி ஒன்பதரை.

எங்கள் ஃபிளாட்டில் ஏழு பெண்கள்.
வாடகை குறையட்டும் என்று
போன வாரம் எட்டாவதாக ஒருத்தியைச் சேர்த்தோம்.
பைப் அதே பைப்.

பதினோரு மணிக்கு ஷாம்பூ நுரையோடு நிற்கிறேன்.
கிச்சனில் யாரோ அரிசி களைகிறாள்.
ஷவர் இளைத்து நூலாகிறது, பிறகு சொட்டு.
"ரோஸ்லின், ஒரு நிமிஷம் மூடேன்!"
கதவுக்கு வெளியே சிரிப்புச் சத்தம், பாத்திரச் சத்தம்.
கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன்.
நாளையிலிருந்து அவர் எங்கே படுப்பார்?
சுவருக்குள் எங்கேயோ
தண்ணீர் ஏறி வருகிற ஓசை.