நாலு மீட்டருக்குள்

வரிக்குப் பயந்து வாலை நறுக்கிய வண்டி.
முன்பக்கம் மாப்பிள்ளை முறுக்கு,
பின்பக்கம் பேச்சைப் பாதியில் நிறுத்தினாற்போல்.
பரமக்குடி டாக்டரிடம் வாங்கும்போது
அறுபத்திரண்டாயிரம் ஓடியிருந்தது.
சீட்டில் டெட்டால் வாசம்.
மண்டபத்துக்கு வந்த மூன்றாம் வாரம் அது போய்விட்டது.

"இந்தக் காசுக்கு உசரமான வண்டியா எடுத்திருக்கலாம்ல?"
மச்சான் இன்னாசி கேட்டான்.
டிக்கியைத் திறந்து காட்டினேன்.
நானூறு லிட்டர் என்று புத்தகத்தில் இருக்கிறது.
எங்கள் கணக்கு வேறு:
தெர்மாகோல் பெட்டி நாலு,
இல்லாவிட்டால் விசைப்படகின் கியர்பாக்ஸ் ஒன்று,
இல்லாவிட்டால் கொழுந்தியா கல்யாணத்துக்கு எடுத்த
அத்தனை பாத்திரமும், ஒரு அண்டா தவிர.
அது பிரிஸில்லா மடியில் வந்தது.

ஒரே ஒரு தடவை நண்டு ஏற்றினேன்.
கூடை சாய்ந்து ஒன்று காணாமல் போனது.
கிளட்ச்சுக்கு அடியில் இருக்குமோ என்று
உச்சிப்புளியிலிருந்து மூன்றாம் கியரிலேயே
ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தேன்.
தேடிக் கிடைக்கவில்லை.
பிறகு நாலு மாசம்
ஏசி போட்டால் போதும்,
இங்கேதான் இருக்கிறேன் என்றது.

பாம்பன் பாலத்தில்
கச்சான் காத்து வலது கன்னத்தில் அறையும்.
ஸ்டீயரிங்கை அதன் பக்கம் ஒரு விரல்
திருப்பிப் பிடித்தால் வண்டி நேராகப் போகும்.
கோணலாகப் பிடித்து நேராகப் போவதை
இந்தக் கரையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

காலையில் கண்ணாடி உப்புப் பூத்திருக்கும்.
வெறும் வைப்பர் போட்டால் கீறல்.
ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும்,
குடம் பன்னிரண்டு ரூபாய் விற்கிற தண்ணீர்.
பிரிஸில்லா ஒன்றும் சொல்ல மாட்டாள்.
குடத்தை இறக்கி வைக்கும் சத்தத்தில் இருக்கும்.

ஏப்ரல் பாதியில் படகுகளைக் கட்டிவிட்டால்
நான் கணக்கெழுதும் ஐஸ் பிளான்ட்டும் பூட்டு.
பாதிச் சம்பளம்.
தவணைக்கு மட்டும் தடைக்காலம் கிடையாது,
ஏழாயிரத்து நானூற்று முப்பது.
அந்த அறுபத்தோரு நாளும்
வண்டிக்குக் கீழே ஒரு நாய் குடியிருந்தது.
பேட்டரிக்காகத் தினம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவேன்.
எழுந்து உதறிவிட்டு, நான் அணைக்கும்வரை
வாடகை ஏற்ற வந்தவனைப் பார்ப்பதுபோல்
பார்த்துக்கொண்டு நிற்கும்.

ஜூனில், பட்டணம்காத்தான் ஷெட்டில்
வண்டியைத் தூக்கிய சீனி இபுராகிம்
ஸ்குரூடிரைவரால் அடித்தகட்டில் ஒரு குத்து.
பிஸ்கட்டில் இறங்குவதுபோல் இறங்கியது.
"அண்ணே, கடல்லயா ஓட்டுனீங்க?"
இல்லை தம்பி, பக்கத்தில்தான்.
வெட்டி ஒட்ட எட்டாயிரம்.
மிதியடியைக் கிழித்து எடுத்தபோது
காய்ந்த ஓடு ஒன்று உதிர்ந்தது,
ஒரு கொடுக்கில் மட்டும் கொஞ்சம் நீலம்.
சீனி காலால் ஒதுக்கினான்.
நான் ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ராத்திரி
காத்து கூரைத் தகரத்தைப் பிடித்து ஆட்டியது.
பக்கத்தில் படுத்திருந்தவளைக் காணோம்.
வண்டிக்குள் இருந்தாள், டிரைவர் சீட்டில்,
கண்ணாடி நாலும் ஏற்றி.
அவளுக்கு ஓட்டத் தெரியாது.
தட்டினேன். இந்தப் பக்கம் திறந்துவிட்டாள்.
கதவு சாத்தியதும் காத்து வெளியே நின்றுவிட்டது.
"இங்கன சத்தமே இல்ல" என்றாள்.
அவ்வளவுதான் பேசினோம்.

மைலேஜ் கேட்பவர்களுக்கு: பதினேழு.
கச்சான் எதிரே நின்றால் பதினைந்து.
அன்று ஓடாமல் உட்கார்ந்த ஒரு மணி நேரம்
இதில் சேராது.