மேட்டில் நிறுத்திய வண்டி

இருபத்தாறு நாளாய் எங்கள் டிராக்டருக்குச்
சமதரை ஆகாது.
பொழுது விழுந்ததும் கரட்டோர மேட்டில் ஏற்றி
முன்சக்கரத்துக்கு ஒரு கல் கொடுத்துவிட்டு வருவேன்.
காலையில் கல்லை எடுத்து
இரண்டாம் கியரில் உருட்டினால்
பள்ளம் சேர்வதற்குள் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் அணைக்கப் பயம்.
டீக்கடை முன்னால் ஓடும்.
ரேசன் கடை வரிசையில் நான் நிற்க, தெருவில் அது ஓடும்.
பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுந்து வந்து
ஜன்னலைச் சாத்தினார்.

ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.
சத்தீஸ்கரில் போர் லாரியோடு கிடக்கிற வீட்டுக்காரர்
கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே கத்தினார்:
பேட்டரிதான், வேறென்ன.
எலச்சிபாளையம் பட்டறைக்காரர் பம்பைத் தட்டிப் பார்த்து
"கழட்டிச் சங்ககிரிக்கு அனுப்போணுமுங்க,
பதினாலாயிரம் ஆகுமுங்க" என்றார்.
கொழுந்தன் அர்த்தனாரி
(வாரத்தில் மூன்று நாள் வண்டி அவனுக்கு)
ஒன்றும் சொல்லவில்லை.
சாவியை மதில்மேல் வைத்துவிட்டுப் போனான்.
சொன்னது நான்தான்.
அவனிடம் இல்லை,
அவன் பெண்டாட்டி காதுக்கு எட்டுகிற தூரத்தில்:
"கண்ட பங்க்ல கண்ட டீசலப் போட்டா
வண்டி என்னத்துக்கு ஆகும்?"

நேற்று மரவள்ளி பிடுங்கியாயிற்று. நாலு டன்.
பாயிண்ட் இருபத்தெட்டு வரும் என்று கணக்கு.
கிழங்கு காய்ந்துபோனால்
சேகோ ஆலைத் தராசு என் கதை கேட்காது.
விடிய விடியக் கல்லை எடுத்தேன்.
உருண்டது.
பள்ளம் வந்தது.
பிடிக்கவில்லை.

அப்போதுதான் புகையைப் பார்த்தேன்.
இல்லாத புகையை.
சாவியைத் திருப்பினால் இஞ்சின் மளமளவென்று சுற்றுகிறது,
பேட்டரிக்கு ஒரு நோவும் இல்லை.
வெள்ளையாய் வந்தால்
டீசல் போய்ச்சேர்ந்து வேகாமல் திரும்புகிறது என்று பொருள்.
இங்கே ஒன்றுமே இல்லை.
உலையில் அரிசி போடாமல்
இருபத்தாறு நாள் விறகைத் திட்டியிருக்கிறோம்.

பில்டர் தலையில் காற்றுத் திருகை
அரைச்சுற்று தளர்த்திக் கைப்பம்பை அமுக்கினேன்.
நுரை.
அமுக்க அமுக்க நுரை,
துணி துவைத்த தண்ணீர் மாதிரி.
ராத்திரியெல்லாம் எங்கோ ஓர் இடுக்கில் காற்றை உறிஞ்சி
டீசலை டேங்குக்கே திருப்பி அனுப்பியிருக்கிறது.
குழாயோடு விரலை ஓட்டிக்கொண்டே போனேன்.
எல்லா மூட்டும் காய்ந்த புழுதி.
பில்டருக்குள் போகிற போல்ட்டின் கழுத்தில் மட்டும்
செம்மண் ஈரமாய் ஒட்டியிருந்தது.

கழற்றினேன்.
செம்பு வாஷர், நகத்தளவு,
இரண்டு வளையமாய்த் தழும்பு விழுந்தது.
பில்டர் மாற்றியது யார்?
நான்.
எப்போது?
இருபத்தாறு நாளுக்கு முன்னால்.
புது வாஷர் பன்னிரண்டு ரூபாய்,
பழசே போதும் என்று திருகிய கை
இதே கை.

பன்னிரண்டு ரூபாயோடு போகக் கடை இன்னும் திறக்கவில்லை.
கேஸ் அடுப்பில், இடுக்கி முனையில் பிடித்தேன்.
நசுங்கி நசுங்கி இறுகிப்போன செம்பு
சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால்
மறுபடி இளகும்.
எஃகானால் இதே வேலைக்கு விறைத்துக்கொள்ளும்.
உஸ் என்றது சொம்புத் தண்ணீர்.
மாட்டி, இறுக்கி,
நுரை நின்று டீசல் கட்டியாய் வழியும்வரை அமுக்கி,
பள்ளத்தில் நின்றபடியே
சாவியைத் திருப்பினேன்.

கிழங்குக்கு இருபத்தேழரை போட்டார்கள்.

மறுநாள் அர்த்தனாரி முறை.
அவன் வாசலில், சமதரையில்,
அணைத்து நிறுத்தியிருந்தேன்.
வெளியே வந்தவன் வண்டியையும் தரையையும் பார்த்தான்.
"மேட்டுல உடுலீங்களா, நங்கை?"
நான் வாயெடுப்பதற்குள் ஏறித் திருப்பிவிட்டான்.
ஒரே தட்டில் பிடித்த அந்தச் சத்தத்துக்குள்
"பழைய வாஷரப் போட்டது நாந்தான்" என்றேன்.
காதில் கைவைத்து "என்னதுங்க?" என்றான்.

"எப்பவும் போடற பங்க்லயே டீசல் போட்டுக்கங்க,
அதுல ஒரு குத்தமும் இல்ல" என்றேன்,
சத்தமாய்,
உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த
அவன் பெண்டாட்டிக்கும் கேட்கிற மாதிரி.