அறுபத்து மூன்றாவது ஒட்டு

பத்து காவான். காலை ஏழு பத்து.
கான்கிரீட் லோரி பத்தரைக்கு.
அதற்குள், தரைக்கடியில் போகப்போகிற செம்புவலையில்
இன்னும் பத்தொன்பது ஒட்டு.

கம்பியைத் தேய்க்கணும்.
பச்சை போய், கறுப்பு போய்,
புதுக் காசு நிறம் வரும்வரை.
கிராஃபைட் அச்சை டார்ச்சால் சூடாக்கணும்.
நேற்றைய மழை அதற்குள் இருக்கும்,
பார்த்தால் தெரியாது.
கைப்பிடியால் கவ்வி இறுக்கி
குழியின் அடியில் எஃகு வட்டு ஒன்று,
மேலே தூள்,
தூளின்மேல் பற்றவைக்கிற தூள்,
மூடி, மூடியின் உதட்டில் ஒரு சிட்டிகை.
"சொஹெல், தள்ளி நில்லு."
முகத்தைத் திருப்பிக்கொண்டு
பொறித்துப்பாக்கியை ஒரு அழுத்து.

அவ்வளவுதான். ஒரு சீறல்,
கண்மூடினாலும் தெரிகிற வெள்ளை.

கரண்ட் வேண்டாம், காஸ் வேண்டாம்,
தூளுக்குள்ளேயே இருக்கிறது வழக்கு.
செம்பு சுமந்துகொண்டிருக்கிற ஆக்சிஜனை
அலுமினியம் பிடுங்கித் தன் தலையில் போட்டுக்கொள்ளும்.
கடன் கழிந்த செம்பு
வட்டை உருக்கிக்கொண்டு
கம்பிகள்மேல் இறங்கும்.
வாங்கிக்கொண்டது கசடாய் மேலே மிதக்கும்.
இறுகினதும் சுத்தியலால் ஒரு தட்டு,
கசடு குப்பைக்கு.

தம்பியின் வேன் கடனுக்கு
ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான்.
அந்தத் தட்டை மட்டும்
கொஞ்சம் மெதுவாகத்தான் தட்டுவேன்.

ஒன்பதே காலுக்கு பேங்கிலிருந்து போன்.
நாலு மாதம் கட்டவில்லையாம்.
அந்தப் பெண்ணின் தமிழ் அவ்வளவு மரியாதை,
"நீங்கதானே மிஸ் யோகமலர்?" என்று
மூன்று முறை கேட்டாள்.
நான்தான், நான்தான், நான்தான்.
திரும்பி வந்தபோது தூறல் போட்டு ஓய்ந்திருந்தது.
அச்சு ஆறியிருந்தது. அது எனக்குத் தெரியும்.
தெரிந்தும் மறுபடி டார்ச் காட்டாமல்
தூளைக் கொட்டினேன்.

கக்கியது.
கையுறையின் முதுகில் ஒரு பொட்டு செம்பு.
அச்சைத் திறந்தால்
ஆப்பத்தின் முகம் மாதிரி
ஒட்டு முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை.

கீழ்ப்பக்கம்தான் ஓட்டை. மேலே வழவழப்பு.
ரோஸ்டி மேலே மட்டும்தான் படம் எடுப்பார்.
சொஹெல் என்னைப் பார்த்தான்,
பிறகு ரொம்ப அக்கறையாகத்
தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தொடங்கினான்.

அந்த நேரம் பார்த்து லோரி.
ஒரு மணி நேரம் முன்னாலேயே,
வயிற்றைச் சுற்றிக்கொண்டு.

வெட்டினேன்.
நீளக் கைப்பிடிக் கட்டரை
உடம்பு மொத்தமும் சாய்ந்து அழுத்தினால்தான்
அந்தக் கம்பி அறும்.
ரோஸ்டி வாட்சைக் காட்டினார்,
லோரியைக் காட்டினார், வானத்தைக் காட்டினார்.
நான் துண்டைக் கவிழ்த்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.
இன்னும் சூடு. கீழே போட்டுவிட்டார்.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

லோரிக்காரர் லிம் இறங்கி வந்தார்.
திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.
"எத்தனை நிமிஷம், அமோய்?" என்றார் மலாயில்.
"இருபது."
மறுபடி தூறல்.
ஏதோ இன்சூரன்ஸ் பேர் போட்ட குடையை விரித்து
அச்சுக்கு மேலே பிடித்தார், அவர் நனைந்துகொண்டு.
புதுத் துண்டுக் கம்பி, இரண்டு ஒட்டு.
டார்ச்சை இந்த முறை
தேவைக்கு மேலேயே காட்டினேன்.
"இப்போ குடையை எடுத்துட்டுத் தூரப் போங்க, அங்கிள்!"
அரை மனதாகத்தான் போனார்.
வெள்ளை.
"வாலாவ்," என்றார் தூரத்தில்.

பதினொன்றரைக்கு எல்லாம் சிமெண்டுக்குக் கீழே.
பாரத்தில் 63, 63-அ என்று எழுதினேன்.
ஏன் இரண்டு என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்கு நிற்கையில்
பாலத்துப் பக்கம் மின்னல்.
வழக்கமாக எண்ணுவேன்,
இடி வருகிறவரை ஒன்று, இரண்டு என்று.
ஏழில் இருக்கும்போது போன் அடித்தது.
தம்பி.

எண்ணி முடிக்கட்டும் என்று
அடிக்கவிட்டேன்.