மூன்றாம் தண்ணீர்

சாத்தனூர் ஷட்டரைத் திறந்த ராத்திரியிலிருந்து
பதினோரு நாள் மஞ்சக்குப்பம் லேபிலேயே கிடந்தேன்.
தூங்கியது பெஞ்சில். தின்றது பன்.
எலிக்காய்ச்சலா, டெங்குவா என்று
ஓயாமல் வந்த ரத்தக் குழாய்கள்,
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், வயது,
கொஞ்சம் தெருச்சேறு.
வெள்ளணுக்களை எண்ணும்போது
பாதியில் கரண்ட் போனால்
முதலிலிருந்து எண்ணவேண்டும்.
எங்கள் வீட்டு பீரோ மிதந்ததை
நான் போனில்தான் பார்த்தேன்.

வெள்ளம் வடிந்த நாலாம் நாள்
இடது விலாவில் எரிச்சல்.
ஜாக்கெட் கொக்கி என்று நினைத்தேன்.
மறுநாள் முதுகிலிருந்து மார்புவரை
கொத்துக்கொத்தாய்க் கொப்புளம்,
ஒரு பக்கம் மட்டும்,
யாரோ வரப்புப் போட்டு
பாகம் பிரித்துக் கொடுத்தமாதிரி.

"சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?"
என்றாள் டாக்டர் நிலோஃபர்.
போட்டது. ஏழு வயதில்.
வேப்பிலை செருகி, தாளிக்காமல் சமைத்து,
மூன்றாம் தண்ணீர் ஊற்றி
முறையாகத்தான் அனுப்பிவைத்தோம்
"போயிட்டு வா தாயே" என்று.

போகவேயில்லை அவள்.
முதுகெலும்போரம், நரம்பின் வேரில்,
முப்பத்திநாலு வருஷம்
வாடகை தராமல் குடியிருந்திருக்கிறாள்.
அவள் முகம் தெரிந்த காவல் செல்கள்
விழித்திருந்தவரை
புரண்டுகூடப் படுக்கவில்லை.
பதினோரு ராத்திரியில்
அவை அசந்துவிட்டன.

மாத்திரை போட்டும் படுக்க முடியாமல்
போனை நோண்டியபோது படித்தேன்:
விண்வெளிக்குப் போனவர்களின் எச்சிலிலும்
இதே அம்மைக்கிருமி.
சலித்துச் சலித்துப் பொறுக்கிய உடம்புகள்,
கிளம்புமுன் ஒரு தும்மலும் அண்டாமல்
தனியே வைத்துக் காத்த உடம்புகள்.
பீரோ மட்டுமில்லை,
அங்கே எல்லாமே மிதக்கிறது.
ஒரு நாளைக்குப் பதினாறு விடியல்;
எதற்கு எழுந்திருப்பது?
கீழ் எது என்று தெரியாத ரத்தம்
முகத்துக்கு ஏறி உப்புகிறது.
பதற்றம் சுரந்துகொண்டே இருக்கிறது.
காவல் செல்கள் இருக்கின்றன,
கூப்பிட்டால் திரும்புவதில்லை.
கொப்புளம் அபூர்வமாம்.
எச்சிலில் மட்டும், சத்தமில்லாமல்,
தரையிறங்கியபின்னும் சில நாள்.

ஆறுதலா அது? தெரியவில்லை.
எரிச்சல் அப்படியேதான் இருந்தது.

ஜெசிந்தா விடவில்லை.
"மாத்திரையும் போடு, அக்கியும் எழுதிக்க."
திருப்பாதிரிப்புலியூர் அஞ்சலாட்சி,
பகலில் ரேஷன் கடையில் அரிசி நிறுப்பவள்,
கேப்பர் மலைக் காவிக்கல்லை உரசிக் குழைத்து
குச்சியை முக்கிக்கொண்டு கேட்டாள்:
"சிங்கத்துக்குத் தலை மேலயா, கீழயா?"
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்தால் விலா வலித்தது.
காவி காயக் காயத் தோல் இழுத்தது.
"மூணு நாள் எழுதணும். அதுவரைக்கும்
எதுக்கும் கவலப்படாத."
கவலைப்படாதே என்பதையும்
மருந்தைப்போல நாள் கணக்கில்தான் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மொட்டைமாடியில்
நனைந்த பத்திரங்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
வடமேற்கிலிருந்து ஒரு வெளிச்சம்,
கண்சிமிட்டாமல்,
துறைமுகம் பக்கமாய்
நாலு நிமிஷத்தில் கடந்து போனது.
உள்ளே யாரோ, நேராகவோ தலைகீழாகவோ,
வாயில் பஞ்சை அதக்கி
எச்சிலைக் குழாயில் அடைத்து
பெயர் எழுதிக்கொண்டிருக்கலாம்.
எந்த லேபுக்கு வருமோ,
எவள் டியூட்டியில் இருப்பாளோ.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன்.
முதல் குழாய் என்னுடையது.
லிம்போசைட் பதினெட்டு.
கரண்ட் போகவில்லை.
ஆனாலும்
முதலிலிருந்து எண்ணினேன்.